ஆசீர்வாதம் அண்ணாச்சி வீட்டு ஏலம்

ஆனந்தபுரத்தில் ஒரு குரு உண்டு. வயது முப்பத்து நான்கு. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பெயர் ரூபவதி. பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர்.

அவருக்கு ஒரு சீடர். வயது ஐம்பத்தொன்பது. பெயர் ஆசீர்வாதம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'டீச்சர்' என்பார். எங்கள் தெருவில் யாரும் இதில் ஒரு குறையும் கண்டதில்லை.

குரு கற்றுக்கொடுத்தது ஏலம் விடுகிற வித்தை.

சிரிக்க வேண்டாம். எங்கள் ஊர்ச் சர்ச்சில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஜனங்கள் வாழைத்தார், பூசணிக்காய், சேவல், கேக் என்று கையில் உள்ளதைக் காணிக்கையாகக் கொண்டு வைப்பார்கள். அதையெல்லாம் ஏலம் விட்டு, பணத்தைச் சர்ச்சுக்குச் சேர்ப்பார்கள். ஏழு வருஷமாக ஏலம் விடுகிறவர் ரூபவதி டீச்சர்தான். நாற்பது ரூபாய்ப் பூசணிக்காயை நாலாயிரத்தில் கொண்டு போய் நிறுத்துவார். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

நான் சர்ச்சுக்காரன் இல்லை. எங்கள் வீட்டுச் சாமி சுடலைமாடன். என் பெயர் பலவேசம். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஏலத்துக்கு வருஷம் தவறாமல் போய்விடுவேன். அவ்வளவு சிரிப்பை வேறு எங்கே போய் ஓசியில் பார்ப்பது?

இனி, ஆசீர்வாதம் அண்ணாச்சி இந்த வயதில் ஏன் சீடரானார் என்று சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அதே தெருவில் பதினோராம் நம்பர் வீடு காலியாக இருந்தது. ரெண்டே அறை. ஒத்திக்குத் தருகிறார்கள். மொத்தமாக மூன்று லட்சம் கட்டினால் போதும், மாச வாடகை கிடையாது. அண்ணாச்சி கையில் இருந்தது ரெண்டு லட்சத்து முப்பதாயிரம். மீதியெல்லாம் மகள் கல்யாணத்தில் கரைந்துவிட்டது.

அந்த வீட்டின் சொந்தக்காரம்மா தூத்துக்குடியில் இருக்கிறார். போனில் கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முழுப்பணம் வர வேண்டும். வராவிட்டால் ஒரு பெயின்ட் கடைக்காரருக்குக் குடோனாக விட்டுவிடுவார்.

அப்படி நடந்தால் அண்ணாச்சியும் அவர் மனைவி பியூலா அக்காவும் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகன் தங்கமான பையன். ஆனால் வீடு ஆறாவது மாடியில்.

"ஆறாவது மாடியில நின்னுக்கிட்டு நான் யாருகிட்ட பேச?" என்று என் கடையில் வந்து கேட்டார் அண்ணாச்சி. நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் அவர் பேசாத ஆள் கிடையாது. பால்காரனிடம் பால் எப்படிக் கறக்க வேண்டும் என்று சொல்வார். ஜெராக்ஸ் எடுக்க வருகிற பிள்ளைகளிடம் மார்க் கேட்பார். சொல்லாவிட்டால் விடமாட்டார்.

பியூலா அக்காதான் முதலில் சொன்னார்.

"ஏங்க, எழுபதாயிரத்துக்கு எங்க போக? வீட்டைச் சுத்திப் பாருங்க. கால் வைக்க எடமில்லாம சாமான். இதை வித்தா வராதா?"

"எதை விக்க?"

"எல்லாத்தையும்தான்."

"அது எல்லாம் ஒரு நாளைக்கு உதவும்ட்டி."

"அந்த நாளு எந்தக் கெழமை வருது?"

அண்ணாச்சி திரும்பிக் காலண்டரைப் பார்த்தார்.

சாமான் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஒன்பது, அதில் ஓடுவது ரெண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சூட்கேஸ். மோட்டார் போன கிரைண்டர். மூச்சு வாங்கும் ஹார்மோனியம். பிரம்பு நாற்காலி. பேரப்பிள்ளை வளர்ந்த பிறகும் தொங்குகிற தொட்டில். முதுகு பெருத்த பழைய டிவி. பதினோராம் நம்பர் வீடு கிடைத்தாலும் இதெல்லாம் அங்கே நுழையாது.

முதலில் எடைக்குப் பழைய சாமான் எடுக்கிறவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மொத்தமா நாலாயிரத்து முந்நூறு. நீங்களே வெளியில இறக்கித் தரணும்."

"யோவ், ஹார்மோனியம் இருக்கு பாரும்!"

"பாத்தேன். அதுவும் எடைதான்."

அன்று சாயங்காலமே அண்ணாச்சி பள்ளி மைதானத்துக்குப் போய் நின்றார். பிள்ளைகள் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், நீங்க வந்து எங்க வீட்டுச் சாமானை ஏலம் விட்டுத் தரணும்."

டீச்சர் விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"நான் வரமாட்டேன் அண்ணாச்சி."

"ஏன் டீச்சர்?"

"மத்தவங்க கொண்டாந்து குடுத்ததை விக்கத்தான் நான். நீங்க பூட்டி வச்சதை விக்க நீங்கதான் வேணும்."

"எனக்குத் தெரியாதே."

"படிச்சுக்கிடுங்க. உங்க கையில இருக்க கொடையை எனக்கு வித்துக் காட்டுங்க பாப்போம்."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அந்தக் குடையை எந்த வருஷம், எந்த ஊரில், எந்த மழையில் வாங்கினார் என்று தொடங்கினார். பேரம் பேசியது, கடைக்காரரின் மச்சான் இவர் பஸ்ஸிலேயே வந்து ஏறியது, அவருக்குச் சில்லறை கொடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் ஆனது. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.

"அண்ணாச்சி, கொடை விரியுமா?"

"விரியும் டீச்சர்."

"அதச் சொல்லுங்க."

மறுநாள் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுபோனார். சுருக்கமாகவே பேசினார். "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

டீச்சர் கை நீட்டி வாங்கினார். கடிகாரம் வரவில்லை. டீச்சர் இழுத்தார். அண்ணாச்சி தன்னை அறியாமல் அந்தப் பக்கம் இழுத்தார். ரெண்டு பேரும் மைதானத்தின் நடுவில் நின்று கடிகாரத்தை இழுக்க, பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஒரு தரம்ங்கும்போது சாமான் நெஞ்சுக்கிட்ட இருக்கலாம்" என்றார் டீச்சர். "ரெண்டு தரம்ங்கும்போது நீட்டின கையில. மூணு தரம்ங்கும்போது கையில ஒண்ணும் இருக்கக் கூடாது."

"மனசு கேக்க மாட்டேங்கு டீச்சர்."

"மனசை நாளைக்குப் பாப்போம். இன்னைக்குக் கையைப் பழக்குங்க."

வீட்டில் தலையணையை வைத்துப் பழகினார். பியூலா அக்கா எதிரே நின்று விலை கேட்டார். ரெண்டு நாளில் ஏழு தலையணைகளை அக்கா வாங்கிக் குவித்துவிட்டார். "இருபத்தெட்டு வருஷத்துல இந்த மனுசன் கையில இருந்து நான் ஒரு பொருளை இவ்வளவு சுளுவா வாங்குனதே இல்ல" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாராம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம்.

"டீச்சர், ஒரு சாமானுக்கு எவ்வளவு விலை வரும்னு எப்படித் தெரியும்?"

"ஒரு வருசம் ஒருத்தர் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாந்து வச்சாரு. பத்து ரூவாயில ஆரம்பிச்சேன். ஆறாயிரத்துல நின்னுது."

"ஏ யப்பா! அப்படி என்ன பழம் டீச்சர் அது?"

"புளிச்ச பழம்தான்."

அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை மூன்று மணி. வீட்டு வாசலில் ஏலம். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நாற்பது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டோம்.

இங்கேதான் அண்ணாச்சி ஒரு தப்புச் செய்தார். ஏலத்துக்கு மேசை வேண்டுமே என்று சர்ச்சில் கேட்டு, பண்டிகை மேசையையே தூக்கி வந்துவிட்டார். அதோடு அதன் நீலத் துணியையும் கொண்டுவந்து விரித்தார். முதலில் லேசான பொருளாக இருக்கட்டும் என்று, கொல்லையில் காய்த்த முருங்கைக்காயில் ஒரு கட்டைக் கட்டி மேலே வைத்தார். பியூலா அக்கா ஒரு சின்ன ஜெபம் செய்தார். பார்த்தால் அப்படியே அறுப்பின் பண்டிகை.

"முருங்கைக்காய்! இன்னைக்குப் பறிச்சது! இருபது ரூவா!"

சுருக்கமாகச் சொன்னார். குரல் கணீரென்று இருந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் ஸ்டாப் பெயர் கத்திய குரல் அல்லவா? கூட்டத்தில் பின்னால் நின்ற டீச்சர் மெல்லத் தலையாட்டினார்.

முருங்கைக்காய் இருநூற்றுப் பத்துக்குப் போனது. எடுத்தவர் தையல்கடை கிளாடிஸ் அக்கா. பணத்தை மேசையில் வைத்தார். முருங்கைக்காயைத் தொடவில்லை.

"திருப்பி விடுங்க அண்ணாச்சி" என்றார்.

இது என்ன என்றால், சர்ச் ஏலத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்த பொருளுக்குக் காசும் கொடுத்து, பொருளையும் மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுவார்கள். ஒரே பூசணிக்காய் அஞ்சு தடவை மேசைக்கு வரும். கிளாடிஸ் அக்காவுக்கு அந்த நீலத் துணியைப் பார்த்ததும் வார்த்தை தானாக வந்துவிட்டது.

அண்ணாச்சிக்கும் கை தானாக நீண்டுவிட்டது. "சந்தோசம்!" என்று முருங்கைக்காயை எடுத்து மறுபடி தூக்கிக் காட்டினார். நூற்று எண்பது. அடுத்தவரும் திருப்பிக் கொடுத்தார். இருநூற்று ஐம்பது. அவரும் அப்படியே. நாலு தடவை விற்ற பிறகு அடுத்த சாமானுக்குப் போனார்.

பக்கத்தில் நின்றவர் மரக்கடை பால்துரை. நான் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, நானும் திருப்பிக் குடுக்கலாமா? நான் உங்க ஆளு இல்லையே."

"தாராளமாக் குடும்."

"அப்ப நல்லதாப் போச்சு. எங்க வீட்ல வைக்கவும் எடமில்ல."

பிரம்பு நாற்காலிக்கு நான் எழுநூற்று ஐம்பது வரைக்கும் போனேன். மூன்று தரமும் சொல்லி முடித்தார். அண்ணாச்சியின் கை காலியாக இருந்தது. பணம் கொடுத்தேன். அதில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தேன். "திருப்பி விடுங்க!" என்றேன். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அதன்பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கிரைண்டர் மூன்று தடவை போனது. ஹார்மோனியத்துக்கு பால்துரையும் கிளாடிஸ் அக்காவும் முறைத்துக்கொண்டு விலை ஏற்றினார்கள். பால்துரை ஜெயித்தார், திருப்பிக் கொடுத்தார், மறுபடி அவரே எடுத்தார். தொட்டிலை எடுத்தவருக்கு வயது எழுபது. அவர் மனைவி அந்த இடத்திலேயே அவர் தோளில் ஒன்று போட்டார். கடைசியில் ஓடாத கடிகாரம் ஒன்று வந்தபோது டீச்சர் கையைத் தூக்கினார்.

"ஆயிரத்து ஐநூறு."

"டீச்சர், இது ஓடாது" என்றார் அண்ணாச்சி.

"தெரியும். ரெண்டு தரம் சொல்லுங்க."

அஞ்சரை மணிக்கு ஏலம் முடிந்தது. பிஸ்கட் டின் நிறைந்து பணம். அண்ணாச்சியும் அக்காவும் உட்கார்ந்து எண்ணினார்கள். எழுபத்தோராயிரம் சொச்சம். அக்கா "ஸ்தோத்திரம்!" என்று கத்தியது என் கடை வரைக்கும் கேட்டது. அண்ணாச்சி சந்தோஷத்தில் அக்காவின் ரெண்டு கையையும் பிடித்துக் குதித்தார். குதித்தபோது பின்னால் இருந்த சூட்கேஸ் தடுக்கிவிட்டது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

காலையில் எப்படி இருந்ததோ அப்படியே வீடு. கிரைண்டர் இருந்தது. டிவி இருந்தது. ஒன்பது கடிகாரமும் இருந்தன. இருபத்தாறு சாமானில் ஒன்று கூட வாசல் தாண்டவில்லை. முருங்கைக்காயை மட்டும் காணவில்லை. அதை எடுத்தது என் வீட்டுக்காரி. இதை நான் வெளியே சொல்லக் கூடாது.

அண்ணாச்சி அந்த சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பியூலா, நான் வித்தேனா, பிச்சை எடுத்தேனா?"

"பணம் வந்துட்டுல்லா. ஏங்க இப்படிப் பேசுதிய?"

"நீலத் துணியை விரிச்சேன். அவங்க காணிக்கை போடுத மாதிரி போட்டுட்டுப் போயிட்டாங்க. முப்பத்தொரு வருசம் ஒருத்தர் மீதிச் சில்லறையில ஒத்த ரூவா நான் வச்சுக்கிட்டதில்ல. இது என் காசு இல்லட்டி."

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி சாப்பிடவில்லை. அதைவிட, பேசவில்லை. அக்கா பயந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அண்ணாச்சி டீச்சரை மறித்தார்.

"டீச்சர், நான் ஏலம் விட்டேனா, கை நீட்டினேனா? அத மட்டும் சொல்லுங்க."

டீச்சர் ஓரமாக வந்து நின்றார்.

"ஏலம்னா, வித்த பொருளு எடுத்தவங்களுக்குப் போய்ச் சேரணும். கடைசியா யாரு எடுத்தாங்கன்னு எழுதி வச்சிருக்கியளா?"

"வச்சிருக்கேன்."

"அப்பக் கொண்டு போய்ச் சேருங்க."

"வாங்கிக்கிட மாட்டேன்னு சொன்னா? காசைத் திருப்பிக் குடுத்துருவேன் டீச்சர். வீடு போனாலும் போகட்டும். எனக்கு அது ஒட்டாது."

"போயிட்டு வந்து சொல்லுங்க."

பால்துரையின் மரக்கடையில் ஒரு தள்ளுவண்டியை இரவல் வாங்கினார். சாமான் எல்லாவற்றையும் தானே ஏற்றினார். இவ்வளவு நாள் அசையாத சாமான்கள் அன்றைக்குத்தான் வாசலைத் தாண்டின. அக்கா தண்ணீர் பாட்டிலோடு பின்னால் நடந்தார்.

முதலில் கிளாடிஸ் அக்கா.

"உங்க கிரைண்டர்."

"ஐயோ, எனக்கு எதுக்கு? எடம் எங்க இருக்கு?"

"அப்பச் சரி. இந்தாங்க உங்க ஆயிரத்து எண்ணூறு."

கிளாடிஸ் அக்கா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நாப்பது பேரு முன்னால சொன்ன விலை. அதைத் திருப்பி வாங்குனா என் சொல்லுக்கு என்ன மதிப்பு? போங்க அண்ணாச்சி."

அடுத்தது பால்துரை.

"ஹார்மோனியம் வேண்டாம். என் வீட்டுக்காரி அதைத் தொட்டா தெருவே காலியாயிரும்."

"அப்பக் காசு."

"காசா? நான் இப்ப வெளியூர் கெளம்பிக்கிட்டு இருக்கேன்." சொல்லிவிட்டுச் சட்டை கூடப் போடாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

தொட்டில்காரர் வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

என் வீட்டுக்கும் வந்தார். நாற்காலியை இறக்கி வைத்தார். நானும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.

"மூட்டைப்பூச்சி அண்ணாச்சி."

"என் நாற்காலியிலயா? வாய் கூசாமச் சொல்லுத!"

"நாற்காலியில இல்ல. எங்க வீட்ல. உங்க நாற்காலி கெட்டுப் போயிரும்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. வெயிலில் முகம் கருத்திருந்தது. கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் சேந்து வெளையாடுதிய. பலவேசம், நீயாவது உண்மையைச் சொல்லு. எனக்குப் பிச்சை போட்டியளா?"

இல்லை என்று சொல்லத் தெரிந்தது. பின்னே என்ன என்று சொல்லத் தெரியவில்லை. நாற்காலியைத் தூக்கி அவர் வண்டியிலேயே திரும்ப வைத்தேன். வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளவும் செய்தேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

இருபத்தாறு சாமான், தெருவின் ரெண்டு பக்கமும். யாரும் பொருளையும் எடுக்கவில்லை, காசையும் தொடவில்லை. பின்னாலேயே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வெளியூர் போன பால்துரையும் பனியனோடு கூட்டத்தில் நின்றார். நாலு மணிக்கு வண்டி டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றது. பட்டியலில் கடைசிப் பெயர் அவர்தான்.

டீச்சர் முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த பந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கடிகாரத்தை அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் மூன்று ஐநூறு ரூபாய்த் தாளையும் வைத்தார்.

"நீங்க சொன்னபடி போனேன் டீச்சர். ஒருத்தரும் எடுக்கல. நாளைக்குச் சாயங்காலம் எனக்குக் கெடு. அதுக்குள்ள இந்தக் காசு யாரு காசுன்னு எனக்குத் தெரியணும். நீங்களாவது கடிகாரத்தை எடுங்க. இல்ல காசை எடுங்க."

டீச்சர் கடிகாரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஏதோ உள்ளே உருண்டது.

"இதை வச்சு நான் என்ன செய்ய? ஓடாது."

"தெரிஞ்சுதான எடுத்திய?"

"ஆமா."

"அப்ப எதுக்கு எடுத்திய?"

டீச்சர் எழுந்து வந்து வண்டியைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

"இந்த வண்டியில இருக்கது ஒண்ணும் யாருக்கும் வேண்டாம் அண்ணாச்சி. காலைல எடைக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுருங்க."

"வித்த பொருளை நான் எப்படிப் போட? எடுத்தவங்களுக்குப் போய்ச் சேரணும்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன். இப்பவும் சொல்லுதேன். சேரணும்."

"எங்க கொண்டு போய்ச் சேக்க? ஒரு வாசல் பாக்கி இல்ல!"

"பதினோராம் நம்பர் வீட்டுல."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். டீச்சர் விடவில்லை.

"நாளைக்குப் பணத்தைக் கட்டிட்டு, நாங்க எடுத்ததை அங்க இறக்கிருங்க. தெருவே கூட்டாச் சேந்து எடுத்தது, அதனால ஒருத்தர் வீட்டுல வைக்க முடியாது. மொத்தம் ரெண்டு உருப்படி. ஒண்ணு பியூலா அக்கா. இன்னொண்ணுக்கு வாய் மூடாது. தெரிஞ்சுதான் எடுத்தோம்."